கலாஸ் என்று சொல்லிக்கொடுத்தவன்

காக்கா,

இன்று காலை ஓமானில், சோஹாரில் வகுப்பு தொடங்குமுன் பைக்குள் சார்ஜரைத் துழாவினேன். கையில் வந்தது உங்கள் வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருள். முகர்ந்து பார்த்தேன், மருந்து வாடை இன்னும் இருக்கிறது. எதிரே எட்டுப் பேர் புதுக் கம்ப்யூட்டர் முன்னால் பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் உங்கள் முழிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் காக்கா என்றால் பறவைதான். என்னைவிட மூன்றே வயது மூத்த கீழக்கரைக்காரரான உங்களை அப்படிக் கூப்பிட முதல் நாள் எனக்கு வாய் கூசியது. "அண்ணனைத்தான் எங்க ஊர்ல காக்காங்கிறோம். தைரியமாக் கூப்பிடுங்க தம்பி, சோறு வெக்கச் சொல்ல மாட்டேன்" என்றீர்கள்.

அஜ்மானில் நாம் சந்தித்த அந்தப் பிள்ளைகள் மையத்தின் கோஆர்டினேட்டர்களில் நீங்கள் ஒருவர். நடக்க முடியாத, பேச்சு வராத பதினொரு பிள்ளைகள் உங்கள் பொறுப்பு. யாருக்கு எத்தனை மணிக்குப் பயிற்சி, யாருடைய சக்கர நாற்காலியை பஸ்ஸில் எந்தப் பக்கம் ஏற்ற வேண்டும், எல்லாம் உங்கள் நீல நோட்டில் இருந்தது. அதை மூடவைத்து உங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வந்தவன் நான். அமீரகத்தில் அந்தப் பிள்ளைகளை மன உறுதி கொண்டவர்கள் என்றுதான் எழுதுவார்கள். "பேரு நல்லாத்தான் வெச்சிருக்காங்க. பஸ்ஸும் வரணும்ல" என்பீர்கள்.

அங்கே என் வகுப்பில் ஒரு மலையாளி, ஒரு பிலிப்பினோ, ஒரு சூடான்காரர், நீங்கள். எல்லோருக்கும் புரியட்டும் என்று திரையின் ஓரத்துப் பச்சைப் பட்டனைக் காட்டி, "முடிஞ்சா இதை அழுத்துங்க, கலாஸ்" என்றேன். பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு. சாப்பாடு கலாஸ், டூட்டி கலாஸ் என்று முடிந்ததற்கெல்லாம் நாம் நாள் முழுக்கச் சொல்கிற அரபு வார்த்தை அது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அன்றைய பயிற்சி முடிய முடிய, நீங்கள் பச்சையை அழுத்திக்கொண்டே வந்தீர்கள். அந்தப் பட்டனோ, இந்தப் பிள்ளை இனி இங்கே வராது என்று கோப்பையே மூடிவிடுவது.

மறுநாள் காலை டிரைவர் கான் பாயின் லிஸ்ட்டில் உங்கள் பிள்ளைகளில் ஒருவர் பெயரும் இல்லை. அவர்களில் ஒருத்தி மர்யம்; அவள் அம்மா அவளை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, வெயிலில் தங்கள் கட்டட வாசலில் நின்றபடி, பஸ் வரவில்லையே என்று உங்களுக்குப் போன் செய்தார். நீங்கள் நோட்டைக்கூடத் திறக்கவில்லை. "யல்லா கான் பாய், லிஸ்ட் சோடோ, மை போல்தா ஹூன்" என்று, லிஸ்ட்டை விடச் சொல்லிவிட்டு நீங்களே பதினொரு வீட்டையும் வரிசையாகச் சொன்னீர்கள். ஒரு மணி நேரம் தாமதம். ஆனால் பதினொரு பேரும் வந்து சேர்ந்தார்கள்.

மீட்டிங்கில் மேனேஜர், அழுத்தியது யார் என்று கேட்டார். கையைத் தூக்கினீர்கள். கம்ப்யூட்டர் தெரிந்த வேறு ஆளை உட்கார வைக்கலாம், நீங்கள் அடுத்த வாரம் ஸ்டோருக்குப் போகலாம் என்றார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கிற நேரம் அது. பயந்துவிட்டேன், காக்கா. அதற்கு வேறு பெயர் கிடையாது.

வெளியே சுலைமானி டீயை என் கையில் கொடுத்து, "நீங்க சொல்லிக்கொடுத்தது சரிதான் தம்பி. நான் வெளங்கிக்கிட்டதுதான் தப்பு" என்றீர்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டீயை அப்படியே வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குத் திரும்பிப் போனேன். "அந்தப் பட்டனை கலாஸ்னு சொல்லிக்கொடுத்தது நான். அனுப்பணும்னா என்னை அனுப்புங்க" என்றேன்.  கடைசியில் அவர் இரண்டு பேரையும் அவரவர் இடத்திலேயே விட்டுவிட்டார்.

அன்று மதியமே நீங்கள் முதலுதவிப் பெட்டியிலிருந்து இந்தப் பிளாஸ்திரியை எடுத்து, எல்லாத் திரையிலும் பச்சைப் பட்டன் வருகிற இடத்தில் துண்டு துண்டாக ஒட்டினீர்கள். பிறகு என்னிடம் சொன்னீர்கள்: "முடிஞ்சுதான்னு கேட்டா யாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. இந்தப் புள்ளை நாளைக்கு வருமான்னு அதைக் கேக்கச் சொல்லுங்க."

திரையில் அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொல்லி கம்ப்யூட்டர் கம்பெனிக்கு எழுதினேன். முடியாது என்றார்கள். மறுபடி எழுதினேன். ஒரு பட்டனுக்கு இவ்வளவு ரகளையா என்று சிரித்தார்கள். அதற்குள் நீங்கள் லீவில் ஊருக்குப் போனீர்கள். மாரடைப்பு. செய்தியை எனக்குச் சொன்னவர் கான் பாய்தான். "காக்கா கலாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனிலேயே அழுதார். அவருக்குத் தெரிந்த வார்த்தை அதுதான். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

அதன்பிறகு நான் விடுவதாக இல்லை. அந்தக் கேள்வியைச் சேர்க்கும்வரை எந்த மையத்திலும் பயிற்சி முடிந்தது என்று கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தேன். கோபித்தார்கள், மிரட்டினார்கள், கடைசியில் சேர்த்தார்கள்.

இன்றைய வகுப்பில் ஓர் இலங்கைப் பெண், பயிற்சி முடிந்த வேகத்தில் பச்சையை அழுத்திவிட்டார். திரை கேட்டது: இந்தப் பிள்ளை நாளைக்கு வருமா? அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "ஓம் சார், வருவான். நாளைக்கும் வருவான்" என்றார். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிளாஸ்திரி இனி தேவைப்படாது. ஆனாலும் பையில்தான் இருக்கும். வகுப்பில் அந்த வார்த்தையை நான் இப்போது சொல்வதே இல்லை. கான் பாய் என்னதான் சொல்லட்டும், உங்களைப் பற்றிச் சொல்லவும் எனக்கு அது வாயில் வரவில்லை, காக்கா.