நீ வாங்கித் தந்த கார் ஏன் குதிக்கிறது

அழகும் குணமும் நிறைந்த, அறிவு மட்டும் சற்றே பாக்கியுள்ள என் மருமகனுக்கு, சகல வாகனங்களின் நாடியும் அறிந்த உன் தாய்மாமன் எழுதுவது.

இனி நான் சொல்லப்போவதை இந்த உலகத்தில் ஒருத்தரும் நம்பப் போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்து கொடுக்கிறேன். நீயும் நம்பாதே. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். வீடே கேட்கிறது, எதிர்வீடு பதில் சொல்கிறது. ஆகவே கடிதம்.

போன தடவை வந்தபோது உன் அப்பாவுக்கு ஒரு பழைய டீசல் கார் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாயே, அது குதிக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பாய்கிறது. ஏதோ மறந்துவிட்டதுபோல் தயங்குகிறது. ஞாபகம் வந்ததும் மறுபடி பாய்கிறது. முதல் தரம் நான் முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். தெருமுனை வருவதற்குள் என் மூக்குக்கண்ணாடி பின்சீட்டுக்கும், பின்சீட்டிலிருந்த குடை என் மடிக்கும் இடம் மாறிவிட்டன. அது விட்ட புகையில் நட்டநடுப் பகலில் தெருவிளக்குகள் தாமாக எரிந்தன. வெள்ளைச் சட்டையோடு எதிரே வந்த ஒரு குமாஸ்தா வக்கீலாக வீடு திரும்பினார்.

உன் அப்பா அசரவில்லை. கண்ணை மூடிக்கிட்டு வாங்கியிருக்கான்யா உன் மருமகன், நல்லா அவன் தலையில கட்டிட்டானுங்க என்றார். அதையே உன்னிடமும் சொன்னார். நீ பட்டென்று போனை வைத்தாய். அன்று முதல் அப்பனும் மகனும் உன் அம்மாவை நடுவில் வைத்துத்தான் பேசுகிறீர்கள். நீ ஏமாந்தாயா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அவசரமும் இருக்கிறது. மாசக் கடைசியில் உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு, மலைப்பாதை வழியாக, உன் தங்கை குழந்தையைப் பார்க்கப் போயே தீருவேன் என்று உன் அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். குதிக்கிற வண்டி, ஒரு பக்கம் பள்ளம்.

நம் தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். நீளமான ஸ்க்ரூடிரைவரை இன்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பாரே, அதனால் டாக்டர் என்போமே, அவர்தான். டீசல் ஃபில்டரைக் கழற்றினார். அதிலிருந்த தண்ணீரில் ஒரு யானையைக் குளிப்பாட்டித் துவட்டியும் விடலாம். மாற்றினோம். டர்போவிலிருந்து காற்று போகிற ரப்பர் ஹோஸில் ஒரு வெடிப்பு. அதையும் மாற்றினோம். புகை நின்றது. நான் ஓட்டினேன், எண்ணெயில் நழுவுகிற மாதிரி போனது. டாக்டர் ஓட்டினார், அப்படியே. உன் அப்பா உட்கார்ந்தார், குதித்தது. ஆளைப் பாத்துக் குதிக்குதுங்க இது என்று டாக்டர் தலையைச் சொறிந்தார்.

இதற்கு நடுவில் கார் சாவி வேறு காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு தரம் தையல் மெஷின் டிராயரில் இருந்தது. இன்னொரு தரம் மடித்து வைத்த போர்வைக்குள். உன் அம்மாவைக் கேட்டால், எனக்கென்னடா தெரியும், உங்க அத்தானைக் கேளு என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கடைசியில் டாக்டர் ஸ்கேனரைக் கொண்டுவந்து மாட்டினார். நாம் பெடலை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை அது திரையில் கோடாகப் போட்டுக் காட்டும். டாக்டர் ஓட்டும்போது ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. உன் அப்பா ஓட்டும்போது ஏழு மலை, எட்டுப் பள்ளத்தாக்கு. டாக்டர் துள்ளினார்: பெடல்ல இருக்கிற சென்சார் அவுட்டு, இதுதான் வியாதி! புதுப் பெடல் வந்தது, மாட்டினோம். உன் அப்பா ஓட்ட, டாக்டர் பக்கத்தில், நான் பின்னால். திரையில் மறுபடியும் அதே மலைகள். டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. நான் திரையை விட்டுவிட்டு, இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிக் கீழே பார்த்தேன்.

பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். டாக்டர், இந்தப் பெடலும் போலிச் சரக்குதான், வேற ஒண்ணு சொல்லுங்க, அது வர்ற வரைக்கும் வண்டிய எடுக்கவே கூடாது என்றேன். உன் அப்பாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். பாத்தியா மச்சான், நான் அப்பவே சொன்னேன்ல என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

வாயால் வண்டி ஓட்டுகிறவன் நான். அன்று என்னிடமே அதை ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் அதிர்வாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். குனிந்ததில் எனக்குத்தான் கிறுகிறுத்தது என்றும் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து உன் அப்பா பேப்பர் படித்தார், பேப்பர் சலசலவென்றது. ஃபேன் காற்று என்று நிமிர்ந்தேன். ஃபேன் ஓடவில்லை. உன் அம்மா என்னைப் பார்த்தாள். கார் சாவியை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள்.

எனக்கு ஒரே குழப்பம், மாப்பிள்ளை. யாரிடம் எதை, எப்படிச் சொல்வது? தெரிந்தது இவ்வளவுதான்: நீ ஏமாறவில்லை. ஆனாலும் ஏமாந்துவிட்டதாகச் சொல். இன்றைக்கே போன் போட்டு, நீங்க சொன்னது சரிதாம்பா, வண்டி சரியில்ல, நான் வந்து பாக்கற வரைக்கும் தொடாதீங்க என்று சொல். ரோஷத்தை எல்லாம் அங்கேயே பெட்டியில் பூட்டிவிட்டு, மாசக் கடைசிக்குள் வந்து சேர். மலைப்பாதையில் நீ ஓட்டு, அவர் பக்கத்தில் இருக்கட்டும். வழியில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. முழங்கால் வலி என்று நான் இப்போதே புலம்ப ஆரம்பித்துவிட்டேன். எனக்குத் துணையாக அவரையும் உள்ளே அழைத்துக்கொண்டு போய்விடலாம். என்னை நடிகன் என்று நீ கேலி செய்ததெல்லாம் வீண் போகவில்லை.

நீ நூறு வருஷம் நல்லா இருப்பே. உன் கை கால் என்றைக்கும் உன் சொல் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா.

பி.கு.: மேலே உள்ளதில் முக்கால்வாசி என் கைச்சரக்கு, வழக்கம்போல் சிரித்துவிட்டுப் போ. உன் அப்பாவின் வலது கால் பெடலில் ஆடுவது மட்டும் நிஜம்.