இருபது பெட்டி கூடுதல்

ஜூன் 3

அன்புள்ள வாயாடிக்கு,

விடுதியில் மூன்று வருடம் என் தலையணையைத் திருடித் தூங்கியவள், மேலாண்மைப் படிப்புக்குப் போனதும் என்னை மறந்தே போனாய். புராஜெக்டுக்கு ஆள் வேண்டும் என்றதும்தான் ஞாபகம் வந்ததாக்கும்! இருக்கட்டும்.

எங்கள் மருந்துக் கிடங்கில் நடப்பதைச் சொல்கிறேன். கடைகளுக்கு வாரம் முப்பது பெட்டி இன்சுலின் போதும். கிடைக்காமல் போய்விடுமோ என்று நாற்பது கேட்பார்கள். நான் அறுபது என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதுவேன். அவர்கள் தொழிற்சாலையிடம் நூறு என்பார்கள்.

ஆனால் என் இருபது வீண் பயத்தில் கேட்பதல்ல. மழை வந்தால் ஆற்றுப் பாலத்தை மூடிவிடுவார்கள், லாரி நாலு நாள் வராது. மேலிடத்தில் சொன்னால், "கதை விடாதீங்கம்மா" என்கிறார்கள். அதனால் சத்தமில்லாமல் சேர்த்து எழுதுகிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்டி.

உன் குண்டூசி

ஜூன் 24

அடி குண்டூசி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குதித்தேன்! இதற்குப் புத்தகத்தில் சாட்டை விளைவு என்று பெயர். பிடியில் கை லேசாக அசைந்தால் நுனி எங்கேயோ போய் விளாசுமே, அதுதான். கடையில் பத்து கூடினால் தொழிற்சாலையில் எழுபது கூடிவிடுகிறது.

கல்லூரிக்கு வந்திருந்த உங்கள் கம்பெனி அதிகாரிகள் முன்னாலேயே என் புராஜெக்ட் அறிக்கையை வாசித்தேன். கைதட்டினார்கள். உன் பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே. பாலத்து விஷயத்தை மட்டும் எடுத்துவிட்டேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாதாம்.

உன் வாயாடி

ஆகஸ்ட் 11

வாயாடி,

பெயர் சொல்லாவிட்டால் தெரியாதா? அதிகாரிகள் வந்தார்கள், கையில் உன் அறிக்கை. "முப்பது போதும்னா முப்பதே அனுப்புறோம். எதுக்கு எக்ஸ்ட்ரா?" என்று சொல்லி, சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் திருப்பி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பாலத்தைச் சொன்னேன். "அது ரிப்போர்ட்ல இல்லையே" என்றார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். மழைக்கு முன்னால் நீயே அவர்களுக்கு இரண்டு வரி எழுது. நீ சொன்னால் கேட்பார்கள். காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்.

குண்டூசி

செப்டம்பர் 2

என் செல்லக் குண்டூசிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. உங்கள் கம்பெனியிலேயே எனக்கு நேர்காணல் வைத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் என் அறிக்கை தப்பு என்று நானே எழுதினால் எப்படி? வேலை கைக்கு வரட்டும், முதல் காரியமாக இதைத்தான் செய்வேன். அதுவரை எப்படியாவது சமாளித்துக்கொள், ப்ளீஸ்.

உன் வாயாடி

அக்டோபர் 19

உனக்கு வேலை கிடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

போன வாரம், லாரி வரவேண்டிய நாளில் பாலத்தை மூடினார்கள். இரண்டாம் நாளே இன்சுலின் தீர்ந்துவிட்டது. கடை கடையாக ஓடினேன், ஒரு ஊசிக்குக்கூட வழியில்லை. நம் விடுதிக்கு எதிர்வீட்டுத் தையல்கார அக்காவின் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. லாரி நாலாம் நாள் வந்தது. அவள் மூன்றாம் நாளே போய்விட்டாள். பதினோரு வயது.

கிடங்கில் இருப்பு வைக்கவில்லை என்று சொல்லி என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்காக நான் அழவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் உன்னிடம் சொன்னேனே, அதை நினைத்துத்தான் அழுகிறேன்.

நேற்று அக்கா, "எப்பவும் எடுத்து வச்சிருப்பியேடி, இந்தத் தடவை ஏன் இல்ல?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் எழுதாதே. பதில் அவளுக்குத்தான் வேண்டும். அவள் வீடு உனக்குத் தெரியும்.