யார் கொடுத்த மலை?

1948, பிப்ரவரி 3

திவான் பிராண்சங்கர் காலையிலேயே வந்துவிட்டார். மோர்கட் சமஸ்தானத்தை அடுத்த மாதம் தில்லியிடம் ஒப்படைக்கிறார்களாம். விழாவில் வாசிக்க, இருபத்திரண்டு தலைமுறைச் சரித்திரத்தை நான்கு பக்கங்களில் நான் எழுதித் தரவேண்டுமாம்.

"கொஞ்சம் கண்ணு கலங்குற மாதிரி இருக்கட்டும், மாஸ்தர்பாய்."

பெண்கள் பள்ளியை விட்டுப் பத்தாண்டாகியும் ஊருக்கு நான் மாஸ்தர்பாய், அதாவது வாத்தியாரம்மாதான். பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டத்தை வைத்துக்கொண்டு, அறுபத்தெட்டு வயதில், பிறரை அழவைக்கும் உத்தியோகம். ஒப்புக்கொண்டேன். அரண்மனைப் பதிவறைச் சாவி கிடைக்கிறதே! எத்தனை முறை கேட்டு மறுக்கப்பட்ட சாவி.

பிப்ரவரி 9

சிவப்புத் துணி மூட்டைகளில் எலிப்புழுக்கை பாதி, சரித்திரம் பாதி.

பட்டமேறும் ஒவ்வொரு ராவலுக்கும் (இங்கே ராஜாவுக்கு அதுதான் பட்டம்) மலையிலிருந்து பீல் பழங்குடித் தலைவர் ஒருவர் இறங்கிவந்து, தம் கட்டைவிரலைக் கீறி, அந்த ரத்தத்தால் நெற்றியில் திலகமிடுவது வழக்கம். ராஜபக்தி என்றே இதுவரை நினைத்திருந்தேன். ஏழாம் ராவல் மட்டும், பீல் கை தம்மீது படக்கூடாது என்று மறுத்திருக்கிறார். மூன்று ஆண்டுகள் மலையிலிருந்து ஒரு விறகுக்குச்சிகூட இறங்கவில்லை. கடைசியில் ராவலே வெறுங்காலுடன் மலையேறி நெற்றியை நீட்டியிருக்கிறார்.

பக்தர்கள் விறகை நிறுத்துவார்களா? இது வேறு ஏதோ.

பிப்ரவரி 12

மலைத்தலைவர் தாவ்ரா வந்தார். இப்போதைய ராவலுக்குத் திலகமிட்டது அவர் விரல்தான். வாசற்படியில் அமர்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார்.

"ராவல்ஜி மலைய தில்லிக்குக் குடுக்குறாராமே! அது அவரோடதா? ஆண்டுக்கோன்னு நாங்க விட்டு வெச்சது. வேணாம்னா எங்ககிட்டதானே திருப்பித் தரணும், மாஸ்தர்பாய்?"

"எங்கேயாவது எழுதி இருக்கா, தாவ்ராஜி?"

"எங்களுக்கு ஏது எழுத்து? அவரு நெத்திலதான் எழுதினோம்."

அந்த வரியை அப்படியே குறித்துவைக்கிறேன்.

பிப்ரவரி 20

தில்லியிலிருந்து வந்திருக்கும் வன அதிகாரியைத் திவான் அழைத்துவந்தார். நல்ல பற்கள். மலை முழுவதும் சர்க்கார் காடாகிறது. மூங்கில் வெட்டவும் இலுப்பைப்பூ பொறுக்கவும் இனி அனுமதிச்சீட்டு.

"பீல்களுக்கு உரிமைன்னு ஒண்ணும் இல்லீங்களே. முதல் ராவல் வாளால ஜெயிச்ச மலை. அவரோட சொத்து, இப்ப எங்களோடது."

எதில் படித்தீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக்காட்டினார். மோர்கட் சரித்திரம், பெண்கள் பள்ளிப் பாடநூல், 1911.

எழுதியவள் நான்.

பிப்ரவரி 21

வாள்! எங்கேருந்து பிடிச்சேன் அந்த வாளை? "வீரமா ஒரு வரி போடுங்க" என்றார் இப்போதைய ராவலின் தந்தை. போட்டேன். இன்று மூட்டை மூட்டையாகப் பிரித்தும் வாளில்லை, போரில்லை, ஒரு பிணம்கூட இல்லை. முப்பத்தேழு வருஷமா பொண்ணுங்கள மனப்பாடம் பண்ணவெச்சிருக்கு அந்தப் புத்தகம் — ஒருத்திகூடக் கேக்கலியே!

கேட்டிருந்தால் பெஞ்சின்மீது நிற்கவைத்திருப்பேன் என்பதையும் இங்கே எழுதிவிடுவதுதான் நேர்மை.

மார்ச் 2

நான்கு பக்கங்கள் முடிந்தன. பாடநூலின் ஒன்பதாம் பக்கத்து வாள் வரி ஆதாரமற்ற என் கற்பனை என்று எழுதிக் கையொப்பமிட்டு, ஏழாம் ராவல் மலையேறிய குறிப்பைப் பிரதியெடுத்து இணைத்திருக்கிறேன்.

திவான் படித்தார். "உங்க பேருதான் கெடும், மாஸ்தர்பாய்."

"அது இன்னும் எத்தனை நாளைக்கு வேணும் எனக்கு?"

"இதை வாசிக்க விடமாட்டேன்."

"ராவல்ஜிகிட்ட காட்டிட்டு அப்புறம் சொல்லுங்க."

மார்ச் 4

ராவல் இரண்டு முறை படித்தாராம். பக்கங்களை என்னிடமே திருப்பி அனுப்பிவிட்டார்.

மார்ச் 15

விழாவில் வாசித்தேன், யாரும் தடுக்கவில்லை. யாரும் அழவுமில்லை.

ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட ராவல் பேனாவை எடுத்த நேரத்தில், தாவ்ரா ஈரத்துணியோடு மேடையேறினார். காவலர்கள் பிடித்தார்கள்.

"விடுங்கய்யா. நான் வெச்ச திலகம், நானே துடைச்சுட்டுப் போறேன்."

ராவல் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்தார். அத்தனை பேர் முன்னிலையில் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். தாவ்ரா பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல் காதுவரை துடைத்தார்.

"ஆச்சு ராவல்ஜி. மத்தத நீங்க யாருக்கு வேணாலும் குடுங்க."

ராவல் தம் கையாலேயே 'மலை நீங்கலாக' என்று சேர்த்த பிறகே கையெழுத்திட்டார். இது செல்லாது என்றார் வன அதிகாரி. விசாரிக்க வேண்டும் என்றார் அவருக்கு மேலிருப்பவர். என் நான்கு பக்கங்களையும் வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 8

வன இலாகாவின் வரைபடம் வந்துவிட்டது. சுற்றிலும் சர்க்கார் காட்டின் பச்சை, மலை மட்டும் வெள்ளை. ஓரத்தில் 'விசாரணையில்' என்றொரு சொல். சர்க்கார் விசாரணை இருபத்திரண்டு தலைமுறைகூடத் தாங்கும். அதுவரை இலுப்பைப்பூவுக்குச் சீட்டு வேண்டியதில்லை.

பீல்களின் உரிமை மனுவில் கைரேகை வைக்கத் தாவ்ராவை அழைத்திருந்தார்கள்; நானும் சென்றேன். குமாஸ்தா கட்டைவிரலை நீட்டச் சொன்னதும் தாவ்ரா தம் இடுப்பிலிருந்து கத்தியை உருவினார். குமாஸ்தா நாற்காலியோடு சுவர்வரை நகர்ந்துவிட்டார்.

"மை போதும், தாவ்ராஜி," என்றேன். "நீங்க இங்க எதையும் குடுக்க வரல."

அவர் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்ப சரி," என்று விரலை மையில் வைத்தார்.