கணக்கில் வராத பிள்ளை

விம்மெரா, விக்டோரியா
30 நவம்பர் 1916

என் அன்பு மகள் ஹில்டாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் தம்பி பெர்சியும் சரீர சுகத்தோடு இருக்கிறோம், பிரான்சில் நீயும் அப்படியே இருக்கும்படி காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். நேற்று உனக்கு ‘உடனே புறப்பட்டு வா’ என்று தந்தி கொடுத்தோம், கிடைத்திருக்கும். அந்த மூன்று வார்த்தை சொல்ல அம்மாவுக்கு ஏன் இத்தனை நாள் ஆயிற்று என்று நீ நினைத்திருப்பாய். அதைத் தந்தியில் எழுத முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம். இந்த வருஷம் மழை தாராளம், கோதுமை நன்றாக விளைந்திருக்கிறது, உன் சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. இதையெல்லாம் எழுதி நான் விஷயத்தைத் தள்ளிப்போடுகிறேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

உன் விரலில் மூன்றாம் தடவையும் சீழ் பிடித்துவிட்டது, காயங்களுக்குக் கட்டுப்போட முடியவில்லை, டிசம்பரில் சவுதாம்ப்டனிலிருந்து ஊனமுற்ற சிப்பாய்களோடு புறப்படும் கப்பலில் போய்விடு என்று தலைமை நர்ஸ் மேட்ரன் சொல்கிறார், ஆனால் வார்டை விட்டு வர மனம் வரவில்லை, நீங்கள் வா என்றால் வருகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம் அக்டோபரிலேயே வந்துவிட்டது. அதை நான் நீதிமன்றத்துக்குப் போகும் வண்டியில்தான் பிரித்துப் படித்தேன். அப்போது இருபத்தொரு வயது நிறைந்த கல்யாணமாகாத பையன்களையெல்லாம் பட்டாள முகாமுக்கு வரச்சொல்லி அரசாங்கம் கூப்பிட்டிருந்தது. பெர்சிக்கு விலக்கு கேட்கத்தான் போனேன். வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்த பிறகு, ‘உங்க வீட்டிலேர்ந்து யாரும்மா போயிருக்காங்க?’ என்று நீதிபதி கேட்டார். என் மகள் பிரான்சில் நர்ஸாக இருக்கிறாள் என்றேன். ‘நான் ஆம்பளப் பிள்ளைங்களைக் கேட்டேன். பொண்ணு கணக்குல வராதும்மா’ என்றார். பின்னாலிருந்து எவனோ, ‘வீட்டுக் கோழியையும் சேத்துச் சொல்லு மார்த்தா, எண்ணிக்கை கூடும்’ என்றான், எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில், ‘கணக்குல வராதவ படத்தை எதுக்கய்யா பேப்பர்ல போட்டுப் பெருமை பேசினீங்க?’ என்று கேட்டுவிட்டேன். சிரிப்பு அடங்கிவிட்டது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘சட்டத்துல இடமில்ல. ஆனா பொண்ணு அங்க கஷ்டப்படுறா, அதை நெனச்சுச் சொல்றேன், அறுப்பு முடியறவரைக்கும் பையன் இருக்கட்டும். அப்புறம் வாங்க, பாக்கலாம். அதுவரைக்கும் பொண்ணு அங்கதானே இருப்பா?’ என்றார்.

இருப்பாள் என்று சொன்னேன் ஹில்டா. வரட்டுமா என்று நீ கேட்ட கடிதம் என் கைப்பைக்குள் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். வா என்று எழுதினால் மறுபடி அந்த நீதிபதி முன்னால் போய் நிற்க எனக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன், வராதே என்று எழுதக் கை வரவில்லை. முட்டைக்கும் வெண்ணெய்க்கும் அன்றன்றே கணக்கெழுதி முடிக்கிற நான் உனக்கு ஒரு வரி எழுதாமல் இருந்தேன். தபாலாபீஸ் திருமதி ட்ரெகியர் ஒவ்வொரு வாரமும், ‘என்ன மார்த்தா, மகளுக்குக் கடுதாசி ஒண்ணும் இல்லியா, மசி தீந்துபோச்சா?’ என்பாள், நானும் சிரித்துவைப்பேன். பெர்சிக்கு உன் கடிதத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் படித்துக்காட்டவில்லை. பிறகு வாக்கெடுப்பில் கட்டாயமாக ஆள் அனுப்ப வேண்டாம் என்று ஜனங்கள் சொல்லிவிட்டார்கள், கூப்பிட்ட பையன்களையும் போகச் சொல்லிவிட்டார்கள் என்று இந்த வாரம் பேப்பரில் வந்தது. இனி பெர்சியை யாரும் தொடமுடியாது என்று தெரிந்த பிறகுதான், பால் கறந்துகொண்டிருந்தவனிடம் போய்ச் சொன்னேன். அவன் வாளியைத் தள்ளிவைத்துவிட்டு, ‘அவளை அங்க கட்டிப்போட்டு என்னை இங்க காப்பாத்துனியாம்மா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே முகாமுக்குப் போயிருப்பேனே’ என்றான். சொல்லியிருந்தால் நீ போயிருப்பாய் என்றுதானடா சொல்லவில்லை என்றேன். அவன் போய் வண்டியில் குதிரையைப் பூட்டினான். தந்தி கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து சாப்பாட்டைத் தொழுவத்துக்கே எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். போதகரிடம் சொன்னால் கர்த்தர் மன்னித்துவிட்டார் என்பார், அதனாலேயே அவரிடம் போகவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். என் வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்தியைக் கொடுத்து ஒருவனை வைத்துக்கொள்ளப் பார்த்தேன், நீதிபதி உன்னைக் கணக்கில் சேர்க்கவில்லை, நான் சேர்த்த விதமோ அதைவிட மோசம்.

தந்தி வேளைக்குக் கிடைத்து நீ கப்பல் ஏறியிருந்தால் இந்தக் கடிதம் அங்கே உன்னைக் காணாமல் திரும்பி என்னிடமே வந்துவிடும், நீ வந்ததும் நானே வாயால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். பிரான்சில் இருந்தபடி நீ இதைப் படிக்கிறாய் என்றால் கப்பல் போய்விட்டது, அதற்குக் காரணம் நான்தான். அடுத்த கப்பல் எதுவானாலும் ஏறிவிடு, என்மேல் கோபமிருந்தால் கோபத்தோடேயே வா. கடலில் எதிரியின் நீர்மூழ்கிகள் திரிகின்றன, எந்தக் கப்பலானாலும் மிதவைச் சட்டையைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள், விரலைக் குளிரில் விடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இது உன் கைக்குக் கிடைக்காமலே போக வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டு, உறையின் பின்பக்கம் நம் வீட்டு விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
மார்த்தா பாஸ்கோ