பிங்கம் தம்பதியரின் தட்டு வித்தை குறித்த திங்கட்கிழமை அறிக்கையை ரத்து செய்யக் கோரி

அனுப்புநர்:
ஹொரேஸ் ஸ்லோகம்,
மேலாளர், ஆல்காட் பல்சுவை அரங்கு,
மார்லோ ஃபால்ஸ், ஓஹயோ மாநிலம்.

பெறுநர்:
நிகழ்ச்சி ஒதுக்கீட்டுத் தலைமை அதிகாரி அவர்கள்,
ஏரிக்கரை அரங்குகளின் கூட்டமைப்பு,
பஃபலோ, நியூயார்க் மாநிலம்.

பொருள்: ஆல்காட் அரங்கின் மேலாளர் மீது புகார் - 1911 அக்டோபர் 2ஆம் தேதி அவர் அனுப்பிய தவறான அறிக்கை - ரத்து செய்யக் கோருதல்.

பார்வை: 1. என் கடிதங்கள், நாள்: அக்டோபர் 4, 11, 19, நவம்பர் 3.
2. தங்கள் அலுவலகத்தின் பதில், நாள்: நவம்பர் 14.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த செப்டம்பர் 18ஆம் தேதி, மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு, பதினான்காம் வரிசையின் ஓரத்தில் கிடந்த என் நாற்காலியை அரங்கின் பின்னாலுள்ள அலுவலக அறைக்குள் மாற்றுவது என்று முடிவெடுத்தேன். என் ஏழாண்டு நிர்வாகத்தில் இதைவிடப் பெரிய சீர்திருத்தம் நடந்ததில்லை என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். வாசற்கதவு திறக்கும்போதெல்லாம் அடிக்கும் குளிர்காற்றில் கழுத்து பிடித்துக்கொண்டதே காரணம். அறையிலிருந்து மேடை தெரியாது. கைதட்டல் நன்றாகக் கேட்கும். ஒரு மேலாளருக்கு அது போதும் என்று கருதினேன்.

2. தாங்கள் அறிந்த விதிதான்: திங்கட்கிழமை பிற்பகல் முதல் காட்சியை மேலாளர் மதிப்பிட வேண்டும், அறிக்கை மாலை ஆறு மணிக்குள் தபாலில் சேர வேண்டும், அதன் நகல் கூட்டமைப்பின் இருபத்தெட்டு அரங்குகளுக்கும் போகும். ஒரு வித்தைக்காரரை அடுத்த ஊர் கூப்பிடுமா கூப்பிடாதா என்பதை அந்த ஒரு பிற்பகல் தீர்மானிக்கிறது.

3. அக்டோபர் 2ஆம் தேதி நிகழ்ச்சி நிரலில் இரண்டாம் இடத்தில் இருந்தவர்கள் லெஸ்டர் பிங்கம், அவர் மனைவி கோரா பிங்கம். தட்டுகளைச் சுழற்றிச் சிரிக்கவைக்கும் வித்தை, பதினான்கு நிமிடம், பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. பதினான்கு நிமிடமும் என் அறையில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கடமையில் குறை வைக்கக் கூடாது என்று டிக்கெட் கிழிக்கும் முதியவர் ஓமர் கிளெக்கை எட்டிப் பார்த்து வரச் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எல்லாரும் கர்ச்சீப்பை எடுத்து ஆட்டுறாங்க சார். முன்வரிசையிலேர்ந்து கடைசி வரைக்கும். ரயிலடியில வழியனுப்பி வைக்கிற மாதிரி."

4. நான் எழுதியது: "முற்றிலும் மௌனம். ஒரு சிரிப்பும் இல்லை. பார்வையாளர்கள் கைக்குட்டை அசைத்து இவர்களை வெளியேறும்படி கேட்டுக்கொண்டனர். வேறெங்கும் பரிந்துரைக்க இயலாது." என் கையெழுத்து அன்று வழக்கத்தைவிட நன்றாக அமைந்திருந்தது.

5. அன்று பிற்பகல் அரங்கு முழுவதையும் ஊர்ப் பெண்கள் அறச்சங்கம் ஒரு கல்வி நிலையத்துக்காக எடுத்திருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். என்ன கல்வி நிலையம் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை நன்றிக் கடிதம் வந்தபோதுதான் அது காது கேளாதோர் பள்ளி என்று தெரிந்தது. தலைமையாசிரியை எழுதியிருந்தார்: "எங்களவர்களுக்குக் கைதட்டல் பயன்படாது; கைக்குட்டை அசைப்பதே எங்கள் பாராட்டு. தட்டு வித்தைக்கு அசைத்ததுபோல் இதுவரை யாருக்கும் அசைத்ததில்லை. இன்று காலை உணவின்போது பிள்ளைகள் அதே வித்தையைச் செய்து பார்த்ததில் பதினொரு தட்டுகள் உடைந்தன. யாரையும் தண்டிக்கவில்லை."

6. செவ்வாய் பிற்பகல் நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தூக்கிப் போட்டு, வித்தையை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கசாப்புக்கடைக்காரர் சிரித்துச் சிரித்துத் தொப்பியை மிதித்துவிட்டார். புதன்கிழமையே தங்களுக்குத் திருத்தம் அனுப்பினேன். திருத்தங்கள் திங்கட்கிழமை மட்டுமே ஏற்கப்படும் என்று பதில் வந்தது. அடுத்த திங்களுக்குள் அவர்கள் என் ஊர் மேடையில் இல்லை. இல்லாத நிகழ்ச்சியை மதிப்பிட விதியில் இடமில்லை.

7. இதற்குள் அறிக்கை இருபத்தெட்டு ஊர்களைச் சுற்றி வந்துவிட்டது. மே மாதம் வரை அவர்களுக்கு ஒதுக்கியிருந்த அத்தனை வாரங்களும் ரத்தாயின. லெஸ்டர் பிங்கம் நேரில் போய்க் கேட்ட மூன்றாவது ஊரில் மேலாளர் வெளியே வந்து பார்த்து, "வெள்ளைக்கொடி காட்டித் துரத்துனாங்களே, அந்தக் கோஷ்டி நீங்கதானா? உள்ள வாங்க, என் சம்சாரம் உங்களப் பாக்கணும்னு சொன்னா," என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டார். நான் எழுதியதில் கொடி எதுவும் இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

8. தம்பதியர் இருவரும் என் அறைக்கு வந்தார்கள். சத்தம் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். லெஸ்டர், "வேணும்னே பண்ணலன்னு தெரியும் சார். ஆனா பன்னெண்டு வருஷமா ரெண்டு பேரும் சேந்து இதைத்தான் பண்றோம். தனித்தனியா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார். திருமதி பிங்கம் என் நாற்காலி இருந்த இடத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு தட்டு கீழ விழுந்திருந்தாலாச்சும் உங்க காதுல விழுந்திருக்கும். ஒண்ணுகூட விழல. அதான் நாங்க பண்ணுன தப்பு," என்றார். ஏழு ஆண்டுகளில் என் மதிப்பீட்டு முறையைப் பற்றி இவ்வளவு சரியாக எவரும் சொன்னதில்லை.

9. இனி தங்கள் நவம்பர் 14ஆம் தேதிக் கடிதம். மௌனத்துக்குக் காரணம் காது கேளாமை என்றால், அதே காட்சியில் பேச்சுக்கலைஞர் பேராசிரியர் மார்கஸ் டில் அவர்களுக்கு "சிரிப்பு அடங்கவே இல்லை" என்று அதே மேலாளர் எழுதியது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று தவறென்றால் மற்றதும் தவறாகும். பேராசிரியர் கோடை வரை ஒப்பந்தம் செய்யப்பட்டவர். ஆகவே இரண்டும் சரியென்று கொள்ளப்படும் என்று முடித்திருக்கிறீர்கள்.

கேள்வி நியாயமானது. பதில் சொல்கிறேன். பேராசிரியர் டில் அவர்களைப் பற்றிய அறிக்கையை அன்று காலையே, அவர் ரயிலிலிருந்து இறங்கும் முன்பே, எழுதிவிட்டேன். பெரிய பெயர்களுக்கு எப்போதும் அப்படித்தான் செய்வேன். தபால் நேரம் நெருக்கடியானது. அவர் மேடையேறியபோது நான் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பியதும் அவர் என்னைப் பிடித்துக்கொண்டு, "என்னய்யா ஊரு இது? பொணம் மாதிரி உக்காந்திருக்கானுங்க! வாயி அசையுதா இல்லையான்னு நானே ரெண்டு தடவ தொட்டுப் பாத்துக்கிட்டேன்," என்றார். அறிக்கை அதற்குள் தபால் பையில் இருந்தது. இதை முந்தைய நான்கு கடிதங்களிலும் நான் எழுதவில்லை. எழுதினால் வேலை போய்விடும் என்று பயந்தேன். நான் பயந்த அந்த ஏழு வாரங்களைத்தான் பிங்கம் தம்பதியர் ஃபெரி தெரு விடுதியில், தபால்காரர் வரும் நேரமெல்லாம் சன்னலோரம் நின்று கழித்தார்கள்.

10. பிங்கம் தம்பதியர் பற்றிய என் அறிக்கை தெளிவாக இருப்பதாகவும், புதிய மேலாளர்களுக்கு மாதிரியாக அனுப்பப்படுவதாகவும் அதே கடிதத்தில் பாராட்டியிருக்கிறீர்கள். அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

11. எனவே தாங்கள் அக்டோபர் 2ஆம் தேதி அறிக்கையை ரத்து செய்து, அதை இருபத்தெட்டு அரங்குகளுக்கும் தெரிவிக்க வேண்டும். அது முடியாதென்றால் செப்டம்பர் 18 முதல் நான் எழுதிய எல்லாவற்றையும் ரத்து செய்து, என் மீது தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும். அதுவும் முடியாதென்றால் பிங்கம் தம்பதியருக்கு எந்த ஊரிலாவது ஒரே ஒரு வாரம், ஜனங்கள் எழுந்து கோட்டு மாட்டிக்கொள்ளும் நிகழ்ச்சி நிரலின் அந்தக் கடைசி இடத்திலாவது, ஒதுக்கித் தர வேண்டும். பலன் கிடைக்கும் என்று நம்பி இதை எழுதவில்லை. எழுதாமல் இருக்க முடியாததால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
புகார்தாரரும் புகாருக்கு உள்ளானவருமான
ஹொரேஸ் ஸ்லோகம் (ஒப்பம்)

இடம்: மார்லோ ஃபால்ஸ்
நாள்: 24 நவம்பர் 1911

இணைப்பு: தலைமையாசிரியையின் கடிதம், நகல் ஒன்று.

குறிப்பு: பிங்கம் தம்பதியருக்கான பதிலை இனி இரண்டு பிரதிகளாக அனுப்பவும். லெஸ்டர் பிங்கம், பனிக்கட்டிக் கிடங்கு, இரண்டாம் சுமைதூக்கும் அணி, மார்லோ ஃபால்ஸ். கோரா பிங்கம், அக்கா வீடு, கர்னி, நெப்ராஸ்கா மாநிலம்.