தேக்குப் படியில் மூன்று கோடு

2024 ஜூன் 11
சென்னையில் எங்கள் வங்கியின் தலைமை அலுவலகக் கட்டடத்துக்கு நூறு வயதாம். நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். கட்டடத்தின் வரலாற்றை எழுதப்போவது கீதாஞ்சலி. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள்! தினமும் அந்தப் படிக்கட்டில் ஏறுகிறாள், அதைப் பற்றி ஒரு வரி தெரியாது. எட்டு வருடமாகக் குறிப்பு சேர்த்து வைத்திருக்கும் நான் ஜவ்வாது மலைக் கிளையில் பாஸ்புக் பதிந்துகொண்டிருக்கிறேன். வயிறு எரிகிறது.

ஜூன் 12
மோர் குடித்தும் எரிகிறது.

ஜூலை 3
பழம் நழுவிப் பாலில் விழுந்தது. எங்கள் வாடிக்கையாளர் தீர்த்தகிரி புளி மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தார். மூட்டையில் கரியால் மூன்று கோடு, கீழே ஒரு பிறை. எங்கேயோ பார்த்த குறி. போனில் தேடினேன். பயிற்சிக்குப் போனபோது எடுத்த படம் - தலைமை அலுவலகத் தேக்குப் படிக்கட்டின் அடியில், உளியால் வெட்டிய அதே குறி! அவரிடம் காட்டினேன்.

"இன்னாம்மா இது, எங்க வூட்டுக் குறியாச்சே! மாட்டுக்கும் இதான், புளியமரத்துக்கும் இதான். எங்க பாட்டனோட அப்பாரு சின்னக்குழந்தை, பட்டணத்துல பெரிய கட்டடத்துக்கு மரம் வெட்டி அனுப்பனாருன்னு சொல்லுவாங்க."

சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. "அவர் பேரு புத்தகத்துல வரும்ங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 20
கீதாஞ்சலியே கூப்பிட்டாள். "படிக்கட்டுத் தேக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியலைடி. ஒருத்தர் பர்மாங்கிறார். உனக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்றேன். சொல்லும்போதே இனித்தது. பர்மா என்றே போடட்டும். அச்சாகி எல்லோர் கைக்கும் போனபிறகு படத்தோடு மேலிடத்துக்கு எழுதுகிறேன். யார் எழுதியிருக்க வேண்டும் என்று அப்போது தெரியட்டும்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆவணும்னு இருக்கறியே" என்றார். என் மூக்குக்கு இன்னா ஆவப்போவுது?

ஆகஸ்ட் 9
சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை போனை எடுத்தேன். வாட்ஸப்பில் புதுப் பட்டுப்புடவையோடு அதே படிக்கட்டில் நிற்கிறாள். வைத்துவிட்டேன்.

அக்டோபர் 14
விழா முடிந்தது. பர்மாத் தேக்கு என்றுதான் அச்சாகியிருக்கிறதாம். ஒருவர்கூடத் தப்பு கண்டுபிடிக்கவில்லை, பாராட்டு மட்டும் குவிகிறது. படத்தை வைத்து மேலிடத்துக்குக் கடிதம் போட்டேன்.

அக்டோபர் 28
பதில் வந்தது. தகவலுக்கு நன்றியாம். மறுபதிப்பு கிடையாதாம். அவ்வளவுதானா?

நவம்பர் 6
மலர் ஒரு பிரதி கிளைக்கு வந்தது. சேதி எப்படித்தான் போனதோ, பதினோரு மணி பஸ்ஸில் தீர்த்தகிரி மனைவி மங்கம்மாளோடு வந்து இறங்கினார். சலவை வேட்டி.

"எந்தப் பக்கம்மா?"

என் கையிலிருந்த மலரை அவரே வாங்கிப் பின்னாலிருந்து புரட்டினார். எழுத்துக் கூட்டி, "ஜவ்...வாது... மலை" என்று படித்தார். "மங்கா, இதோ போட்டுக்கீறாங்க! பக்கத்துல எங்க பெரியவரு பேருதானேம்மா?"

அது நன்றிப் பக்கம். 'ஜவ்வாது மலைக் கிளை தேவயானிக்கு, இந்தக் கட்டடத்தின் மேல் அவர் வைத்திருக்கும் பிரியத்துக்கு' - கீதாஞ்சலி எழுதியிருக்கிறாள். அந்தப் புத்தகத்தில் மலையின் பெயர் அங்கே மட்டும்தான் வருகிறது.

"இல்லீங்க. அது என் பேரு."

"நல்லதும்மா, நல்லாயிரு" என்றார். விரலை எடுக்கவில்லை. "அப்ப அவுரு பேரு அடுத்த பக்கமா?"

அதுதான் கடைசிப் பக்கம்.