ஒரே தொட்டியில் நீலமும் பச்சையும்

இயேசு மரி சூசை துணை

காரைக்குடி

அன்பு மகன் அருண் ஜோசப்புக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிர் ஊரில் சளி இருமல் இல்லாமல் நீ இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உன் மீன்களைத் தவிர எல்லாரும் சுகம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன், கடைசி வரி வரை படி. போன சனிக்கிழமை வீட்டில் இருந்தவர்கள் நான், உன் தம்பி இமானுவேல், அவன் பெண்டாட்டி சகாயராணி, அவர்கள் மகள் மரிய அனிதா, மீன் தொட்டி ஸ்டாண்டின் ஆடுகிற காலைச் சரிபண்ண வந்த ஆசாரி அருள்முருகன். ஐந்து பேர். யார் எங்கே நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள், எனக்குச் சாகும்வரை மறக்காது.

ஜூன் மாதம் ஜெர்மனிக்குக் கிளம்பும்போது அந்தச் செடித் தொட்டியை என்னிடம்தான் ஒப்படைத்தாய். செடிக்குக் கரியமில வாயு வேண்டும், கூடினால் மீனுக்கு மூச்சு முட்டும் என்றாய். உள்ளே ஒட்டியிருக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பியில் நீலம் என்றால் வாயு குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் ஆபத்து, நிறம் மாற இரண்டு மணி நேரம் ஆகும் என்றாய். குப்பிக்குள் நீ வெள்ளைப் பாட்டிலில் வைத்துவிட்டுப் போன அளவுத் தண்ணீரைத்தான் ஊற்றி, நிறம் காட்டுகிற நீல மருந்தை இரண்டு சொட்டு விட வேண்டும், வேறு தண்ணீர் ஊற்றினால் நிறம் பொய் சொல்லும் என்றாய். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் மூன்று வேளையும் நிறம் பார்த்து காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தேன். வாயுக் குமிழி எண்ண எனக்குக் கடிகாரம் வேண்டாம், ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் பதினைந்து வந்தால் சரி. ஐந்து மாதத்தில் ஒரு மீன் சாகவில்லை.

அன்று சாயங்காலம் அன்பியக் கூட்டம் நம் வீட்டில், தெருக்காரர்கள் எல்லாரும் ஜெபத்துக்கு வருகிற முறை நமக்கு. ஆட்கள் வருமுன் தொட்டி பளபளக்க வேண்டும் என்று இமானுவேல் காலை ஒன்பது மணிக்கு அந்தக் குப்பியை எடுத்துத் தேய்த்துக் கழுவி, மோட்டார்க் குழாயில் தண்ணீர் பிடித்து, உன் நீல மருந்தை இரண்டு சொட்டு விட்டு மாட்டினான். நம் போர் தண்ணீர், குடத்தில் வெள்ளையாக உப்புப் படியுமே, அதே தண்ணீர். அளவுத் தண்ணீரா ஊற்றினாய் என்று கேட்டேன், தண்ணியில என்னம்மா அளவு என்று சிரித்தான். பதினோரு மணிக்கும் நீலம், சிலிண்டர்த் திருகைத் திறந்து வாயுவைக் கூட்டினான். ஒரு மணிக்கும் நீலம், இன்னும் திருகினான். அருள்முருகன்தான் முதலில் பார்த்தது, என்னம்மா மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது என்றது. ஓடிப்போய் எண்ணினேன், ஒரு அருள்நிறை மரியேக்கு நாற்பதுக்கு மேல். அடைத்துவிடு என்றேன். ஆசாரி முன்னால் அவன் சொன்னது இது: "நீங்க போயி சுண்டலப் பாருங்கம்மா. நீலம்னா கம்மின்னு அண்ணனே சொல்லிருக்காரு, ஒங்களுக்கு என்ன தெரியும்?" சகாயராணி சிரித்தாள். கல்யாணத்துக்கு மறுநாள் என் இட்லி கல்லாகிப் போனபோது சிரித்தாளே, அதே சிரிப்பு.

அவனைத் தள்ளிவிட்டு நான்தான் திருகை மூடினேன். தொட்டித் தண்ணீரை மக்கில் மொண்டு மேலே இருந்து ஊற்றி ஊற்றிக் காற்றுப் பிடிக்க வைத்தேன், அருள்முருகன் உளியைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் நின்று ஊற்றியது. முப்பத்தொன்றில் ஒன்பதுதான் பிழைத்தது. அப்போதுதான் இமானுவேல் உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். மீனெல்லாம் செத்துப்போச்சு, அம்மா திருகைத் தொட்டுட்டாங்கண்ணே என்றான். தொட்டது நிஜம்தானே. நீ சொன்னாய்: "அம்மாவ இனிமே அங்குட்டு விடாதடா. வயசாயிருச்சு." அருள்முருகன் தலையைக் குனிந்துகொண்டது. என் கையில் ஈரம்கூடக் காயவில்லை.

நான் விடவில்லை. திங்கட்கிழமை வாயுவை என் பதினைந்துக்கு வைத்தேன். நீ உபரியாக வைத்திருந்த இன்னொரு குப்பியை எடுத்து அதில் அளவுத் தண்ணீர், பழைய குப்பியில் அதே குழாய்த் தண்ணீர், இரண்டிலும் இரண்டிரண்டு சொட்டு, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். மத்தியானம் அளவுத் தண்ணீர் பச்சை, குழாய்த் தண்ணீர் நீலம். ஒரே தொட்டி. மரிய அனிதா படம் எடுத்து பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள், இதோடு வைத்திருக்கிறேன். இமானுவேல் அதைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சோறு வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தான், பிறகு வந்து காலைப் பிடித்தான். மடையா என்று திட்டிச் சோறு போட்டேன். அவன் சின்னதிலிருந்தே பயந்து பொய் சொல்கிறவன், தெரிந்ததுதான்.

நீ எட்டாவது படிக்கையில் தேவகோட்டை ஹாஸ்டலில் ஜன்னல் கண்ணாடியை உடைத்தாய் என்று ஆள் அனுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா. மழையில் பஸ் ஏறி வந்தேன். வார்டனைப் பார்க்குமுன் உன்னைத் தனியே கூப்பிட்டு, நீயா செய்தாய் என்று கேட்டேன். இல்லை என்றாய். அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை.

ஒன்பது மீனையும் நான்தான் பார்க்கிறேன், யார் தடுக்கிறார்கள் பார்க்கலாம். அளவுத் தண்ணீர் கால் பாட்டில்தான் இருக்கிறது, அனுப்பி வை. காதை மூடாமல் வெளியே போகாதே. ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல சுகமும் தரட்டும், அதில் எனக்குக் குறை இல்லை. இமானுவேலை மன்னித்தாயிற்று. சிரித்தவளை ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துக்குள் மன்னித்துவிடுவேன். எந்தப் பக்கம் திருகினீர்கள் அம்மா என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்காத அருண் ஜோசப்பைத்தான் மன்னிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
வியாகுலம்மாள்